ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வீடு கடலூர் செம்மண்டலத்தில், வேலை புதுச்சேரியில், தினமும் காரில் போய் வருகிறீர்கள். காருக்கு சிஎன்ஜி சிலிண்டர் போட்ட பிறகு ஸ்டெப்னி டிக்கியில் நின்றுகொண்டு இடத்தை அடைக்கிறது, அப்பாவைக் கூட்டிப் போகும்போது அவருடைய சக்கர நாற்காலியை வைக்க முடியவில்லை. அதனால் ஸ்டெப்னியை வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா, இப்போது ஸ்டெப்னி இல்லாமலேயே கார் விற்கிறார்களே, வழியெல்லாம் பஞ்சர் கடைதானே என்கிறீர்கள்.

வேண்டாம், இறக்காதீர்கள். பல வருடம் டயர் கடையில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கணக்கிலேயே ஒன்று இடிக்கிறது, கவனியுங்கள். ஆபீஸ் போகும் நாளில் நாற்காலி கிடையாது, அதனால் இடப் பிரச்சினையும் கிடையாது. நாற்காலி ஏறுகிற நாளில்தான் ஸ்டெப்னி இறங்கப் போகிறது. அந்த நாளில்தான் நீங்கள் வேளாங்கண்ணிக்கோ சென்னைக்கோ தூரம் போகிறீர்கள், இறங்கி நிற்க முடியாத பெரியவர் வண்டிக்குள் இருக்கிறார். ஸ்டெப்னி எந்த நாளுக்கு வேண்டுமோ அந்த நாளில் மட்டும் இல்லாமல் போகும்.

இடத்துக்கு வழி இருக்கிறது. அப்பா முன் சீட், அம்மா பின் சீட்டில் ஒரு ஓரம், நாற்காலியை மடித்து மறு ஓரத்தில் நிறுத்தி சீட் பெல்ட்டை அதன் சட்டத்துக்குள் விட்டு மாட்டிவிடுங்கள், திடீரென்று பிரேக் போட்டாலும் அம்மா மேல் வந்து விழாது. வீட்டிலிருந்து இன்னும் ஆட்கள் ஏறினால் துணிப் பைகள் மேலே கேரியருக்குப் போகட்டும்.

சரி, ஸ்டெப்னி இல்லாத கார் விஷயம். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது, அந்த வருடம் அக்டோபர் 1 முதல் நடைமுறை. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காரில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் காட்டிக் கொடுக்கும் டிபிஎம்எஸ், டயர் பழுதுபார்க்கும் கிட், இந்த மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பதுதான் அது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். டிபிஎம்எஸ் இல்லாமல் வந்த காருக்கு அந்தச் சலுகையை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த விதி ஒரு காரில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, ராத்திரி பதினொரு மணிக்கு மரக்காணம் உப்பளத்துப் பக்கம் டயர் கிழிந்து நின்றால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

பஞ்சர் கிட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆணி, கம்பி, கண்ணாடித் துண்டு என்று டயரின் நடுப் பட்டையில் குத்தியதற்கு அது நல்ல மருந்துதான். ஆனால் டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டைக்குள் செருகும் ரப்பர் திரியும் நிற்காது, உள்ளே ஊற்றும் பசைத் திரவமான சீலன்ட்டும் நிற்காது. சீலன்ட் எல்லாம் சுமார் 4 முதல் 6 மில்லிமீட்டர் ஓட்டை வரைக்கும்தான், அதுவும் நடுப் பட்டையில் மட்டும். பக்கவாட்டு எப்போது கிழிகிறது? மழையில் தண்ணீர் மூடிக் கிடக்கும் பள்ளத்தில் வேகமாக விழும்போது, தார் உடைந்த ஓரத்தில் டயர் உரசும்போது, பாலம் சேருகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலோ கல்லிலோ ஏறும்போது. பள்ளத்தில் விழுந்தால் சில நேரம் டயருக்கு ஒன்றும் ஆகாது, ரிம் நெளிந்து காற்று போகும். இதற்கெல்லாம் இன்னொரு சக்கரம் தவிர வேறு பதில் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்து ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ராத்திரி ‘ஃபெஞ்சல்’ புயல், இப்படி ஒன்று கடந்து போனால் அதன் பிறகு பல நாளைக்கு ரோட்டில் தகரத் துண்டு, கூரை ஆணி, முறிந்த மரத்தின் சிராய் எல்லாம் கிடக்கும்.

வழியெல்லாம் பஞ்சர் கடை என்பது பழைய ரோட்டுக்குச் சரி. கடலூரிலிருந்து கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் வரைக்கும் பகலில் கூப்பிடு தூரத்தில் யாராவது இருப்பார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமும் அப்படித்தான், மாட்டு லாடத்து ஆணி ஏறி வந்த டயரைப் பார்த்த உடனே கண்டுபிடிக்கிற கைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையை யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் நுழையாமல் வயல்வெளி வழியாகப் போகும் ரோடு அது, பஞ்சர் கடைக்காரர் பழைய ரோட்டிலேயே இருக்கிறார், இரண்டுக்கும் நடுவில் உயரமான மேம்பாலங்களும் இரும்புத் தடுப்பும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் ராத்திரியில் கடை தேடுவது சிரமம். ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி மரக்காணம், கடப்பாக்கம் வரையும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள்ளேயே பாதிக் கடை பூட்டியிருக்கும்.

இப்போது எதை முதலில் செய்வது என்ற வரிசைக்கு வருகிறேன், நிறையப் பேர் இதில்தான் அவசரப்படுகிறார்கள். டயரில் ஆணி தெரிகிறது, காற்று கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றால் உடனே ஆணியைப் பிடுங்காதீர்கள், ஜாக்கியையும் எடுக்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி தானே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கம்ப்ரஸரை மாட்டி, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள், இன்ஜினை ஓடவிட்டுச் செய்யுங்கள், பேட்டரி இறங்காது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழுத்தம் பாருங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான் (காற்றழுத்த அளவு) குறைந்திருக்கிறது என்றால் மெதுவாக ஓட்டிக் கடைக்கே போய்விடலாம், நடுவில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொண்டால் போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் குனிந்து நிற்கும் நேரத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. காற்று நிற்கவில்லை, ஓட்டை நடுப் பட்டையில் இருக்கிறது, பாதுகாப்பான இடம், வெளிச்சமும் இருக்கிறது என்றால் திரி போடலாம். ஆணியைப் பிடுங்கியதும் அது போயிருந்த அதே சாய்வில், கிட்டில் இருக்கும் சொரசொரப்பான கம்பியான ரீமரை விட்டு ஓட்டையைச் சுரண்டி, திரியைப் பாதிக்கு மேல் உள்ளே தள்ளி ஊசியைச் சட்டென்று இழுக்க வேண்டும். கை பழகாதவர்களுக்கு முதல் தடவை ரொம்பவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடையில் கிடக்கும் பழைய டயர் ஒன்றில் ஒரு தடவை குத்திப் பழகிக்கொள்ளுங்கள், கேட்டால் எந்தக் கடைக்காரரும் விடுவார். அப்புறம் திரியை நான் தற்காலிகமாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஊருக்கு வந்து டயரைக் கழற்றி உள்பக்கமாக மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே பார்க்கும்போது பக்கவாட்டு நைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்த இரண்டும் கைகொடுக்காத இடத்தில்தான் ஸ்டெப்னி. அதனால் அது எப்போதும் தயாராக இருக்க வேண்டும், நான் கடையில் பார்த்தவரை பாதிப் பேருடைய ஸ்டெப்னி அப்படி இருப்பதில்லை. சும்மா கிடக்கும் டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ, இரண்டு பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடம் பார்க்காமல் விட்டால் 33 இருந்தது பாதிக்கும் கீழே போய் நிற்கும், அப்போது உங்களிடம் பஞ்சர் டயர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். பங்க்கில் நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்க்கும்போது டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் அளவைவிட ஒரு நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகவே அடித்து வையுங்கள். வேண்டியபோது காற்றை இறக்கிக்கொள்ளலாம், ஏற்றுவதுதான் கஷ்டம். உங்கள் ஸ்டெப்னி மற்ற டயரைவிட ஒல்லியான தற்காலிக வகை என்றால் கணக்கே வேறு, அதில் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ போட்டிருக்கும், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பார்ப்பீர்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்த டயர். ஓடாத டயர்தானே, புதுசு மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், ரப்பர் கிடந்தே இறுகும், நம் ஊர் வெயிலில் டிக்கிக்குள் இன்னும் சீக்கிரம். ஐந்து வருடத்துக்கு மேல் போனால் வெடிப்பு இருக்கிறதா என்று வருடாவருடம் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வால்வு ரப்பரையும் வளைத்துப் பாருங்கள், அடியில் வெடித்திருந்தால் அதை மாற்றச் சில்லறைக் காசுதான் ஆகும்.

கடலோரத்து வண்டிக்கு இன்னொரு எதிரி துரு. முதுநகரிலும் வீராம்பட்டினத்திலும் வீடு உள்ளவர்கள் கதவுக் கொண்டியைப் பார்த்தாலே தெரியும். காரிலும் அதேதான் நடக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஜாக்கியின் திருகு இறுகிவிடும், ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் நடு போல்ட் பிடித்துக்கொள்ளும், சக்கரமே அதை மாட்டும் நடுப் பாகமான ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது, உப்புக் காற்றும் சேறும் நேராக அடிக்கிறது, இறக்குகிற கம்பிவடம் துருப்பிடித்து நின்றுவிட்டால் ரோட்டோரத்தில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே இருப்பதால் திருட்டும் போகிறது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது அதை ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றச் சொல்ல வேண்டும். ஜாக்கித் திருகுக்குக் கிரீஸ் போடுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது ஹப்பின் நடு விளிம்பைத் தேய்த்துவிட்டு அதிலும் மெல்லிசாகத் தடவலாம். ஆனால் நட்டு ஏறும் மரையிலும் நட்டு உட்காரும் குழியிலும் கிரீஸ் படவே கூடாது, அது நட்டைத் தளர விடும். வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால் டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியைப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், குழியில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அடியில் பல கார்களில் ஒரு ரப்பர் மூடி உண்டு, அதைத் தள்ளி வடித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்றால், ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம், மழைக்காலம் தொடங்கும் முன் வருகிற நாள், அன்றைக்கு ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வெளியே எடுத்துப் போடுங்கள். எடுத்த கையோடு வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். இது ரொம்ப முக்கியம். வாசலில் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் செய்யும்போதுதான் எது குறைகிறது என்று தெரியும். பெரும்பாலும் தெரியவருவது என்னவென்றால் நட்டு அசையாது. கடையில் ஏர் கன்னால் அடித்து இறுக்கியிருப்பார்கள், காரோடு வந்த அந்தக் குட்டி எல் ஸ்பேனர் அதற்குப் போதாது. ஒரு பிளஸ் ஸ்பேனர் வாங்கி வையுங்கள், இரண்டு கையாலும் பிடித்து அமுக்கலாம், இல்லையென்றால் எல் ஸ்பேனர் கைப்பிடிக்குள் நுழைகிற மாதிரி ஒரு இரும்பு பைப் துண்டு. இனிமேல் டயர் கடைக்குப் போனால் கடைசி இறுக்கம் கையால் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அலாய் சக்கரத்துக்குத் திருட்டுத் தடுப்பு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்று இன்றைக்கே தேடுங்கள். அலாய் சக்கரமும் இரும்பு ஸ்டெப்னியும் இருக்கும் காரில் இரண்டுக்கும் ஒரே நட்டு சரியாக உட்காருகிறதா என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். வீட்டில் கார் ஓட்டுகிற எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்கட்டும், பெண்களும் சேர்த்துத்தான். இதற்கு வேண்டியது பலம் இல்லை, நீளமான ஸ்பேனர்.

ரோட்டில் நிஜமாகவே ஆகும்போது: ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர், வால் ஆடினால் பின் டயர். பிரேக்கை மிதிக்காதீர்கள், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, இடது இன்டிகேட்டர் போட்டு, வேகத்தைத் தானாகக் குறைய விடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் உயிர் சம்பந்தப்பட்ட முடிவு. வலது பின் சக்கரம் பஞ்சர் என்றால் அதைக் கழற்ற நீங்கள் லாரி போகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மேம்பாலத்தின் மேலோ வளைவிலோ தென்பெண்ணைப் பாலத்திலோ நிறுத்தாதீர்கள். காற்றில்லாத டயரில் உருட்டினால் டயர் கெடும், ரிம்கூடப் போகலாம், போகட்டும். பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஒரு பெட்ரோல் பங்க், டீக்கடை, ரோட்டை விட்டு முழுக்க விலகிய ஒரு மண் ஒதுக்கம் வரைக்கும் போய்விடுங்கள். டயருக்கு விலை இருக்கிறது, உயிருக்குக் கிடையாது.

நிறுத்தியதும் நாலு இன்டிகேட்டரும் எரியட்டும், காரோடு வந்த சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள், நான்கு வழிச்சாலையில் நூறு மீட்டர். வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் இடது பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும், காருக்குப் பின்னால் நிற்கவே கூடாது. உங்கள் அப்பா விஷயத்தில் நாற்காலியை முதலில் இறக்கி, அவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய் நிழலில் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அவரை உள்ளே வைத்துக்கொண்டு காரைத் தூக்காதீர்கள். அவரை இறக்க முடியாத இடம், இருட்டு, தனியாக இருக்கிறீர்கள் என்றால் மாற்றுகிற யோசனையை விட்டுவிட்டு 1033க்குக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. கார் கம்பெனியோ இன்ஷூரன்ஸோ தரும் ரோட்டோர உதவி எண்ணையும் போனில் முன்பே பதிந்து வையுங்கள். லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி கல்லும் மரக்கிளையும் வைத்தால், கிளம்பும்போது மறக்காமல் எடுத்து ஓரம் போடுங்கள், அடுத்து பைக்கில் வருகிறவர் அதில் விழுவார்.

மாற்றும் முறை எளிதுதான். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான காரில் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், அதனால் பின் பக்கம் தூக்கும்போது முன் சக்கரத்துக்குக் கல் அவசியம். சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. கதவுக்குக் கீழே தகர விளிம்பில் இரண்டு வெட்டு அடையாளம் இருக்கும், அதற்கு நடுவில்தான் ஜாக்கி உட்கார வேண்டும். நம் பக்கத்தில் ரோட்டோரம் ஒன்று கடல் மணல், இல்லாவிட்டால் மழை குடித்த களிமண், ஜாக்கி அப்படியே புதையும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலக் கனத்தில் பலகை ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். தூக்கியதும் ஸ்டெப்னியைக் காரின் அடியில் படுக்கப் போடுங்கள், ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல் உட்காரும். பஞ்சர் சக்கரத்தைக் கழற்றியதும் அதை அடியில் தள்ளி ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். கையையோ காலையோ அடியில் விட வேண்டாம். ஹப்பில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் உட்கார்ந்துகொண்டு குதிகாலால் டயரின் இடமும் வலமும் மாறி மாறித் தட்டுங்கள். மாட்டும்போது நட்டின் கூம்பான பக்கம் உள்ளே, முதலில் விரலால் ஏற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்கி, இறக்கிய பிறகு கடைசி இறுக்கம். ஒரு டார்ச்சும், பழைய கோணிப்பை ஒன்றும், பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றும் சேர்த்து வைத்தால் முட்டி போடவும் அழுக்குச் சக்கரத்தைச் சுற்றவும் ஆகும்.

ஸ்டெப்னியில் ஓடி ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், அந்த இடத்திலேயே காற்றழுத்தமும். பஞ்சரான சக்கரத்தை டிக்கியில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றாதீர்கள், வழியில் திறந்திருக்கும் முதல் கடையிலேயே ஒட்டி வாங்கிவிட்டு மேற்கொண்டு போங்கள்.